பிரஷ்ஷில் வீசி எழுதியது போன்ற எழுத்துருவுக்குத் தமிழில் என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம். ‘தூரிகை எழுத்துரு’ என்று முடித்துவிடலாம் என்கிறீர்கள். எனக்குப் பாதி சம்மதம்தான்.

பாம்பன் பக்கம் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கண்ணில் படுவதைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்துப் பெயிண்ட் அடிப்பது அப்போதுதான். பதிவு எண்ணை எழுதும்போது பெயிண்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார், கடலில் தூரத்திலிருந்தே அது தெரிய வேண்டும் இல்லையா. அதே ஆள் அதே பட்டை பிரஷ்ஷால் படகின் முன்பக்கமான அணியத்தில் ‘அந்தோணியார்’ என்று படகின் பெயரை எழுதும்போது கை வேறு மாதிரி போகும். ணி-யின் கொக்கி மேலே துள்ளும், கடைசி ர் இழுத்த இழுப்பில் பெயருக்கு அடியில் பாதி தூரம் ஓடி, பெயிண்ட் தீர்ந்து பிசிறு பிசிறாக நிற்கும். இரண்டும் தூரிகை எழுத்துதான், ஆனால் நாம் சொல் தேடுவது இரண்டாவதற்கு மட்டும்.

‘முறைசாரா’ வேண்டாம், முறைசாராக் கல்வி ஞாபகம் வருகிறது. ‘கையெழுத்துரு’வும் சரிவராது, கையெழுத்து என்றாலே ஜனங்களுக்குப் பத்திரத்தில் போடுவதுதான்.

நான் சொல்வது: வீச்செழுத்துரு. தூரிகை வீச்சு என்று ஓவியம் பற்றி எழுதுபவர்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். எங்களுக்கு வீச்சுவலையும் தெரியும், அதையும் கையை விட்டுப் போன பிறகு திருத்த முடியாது. இயற்பியலில் வீச்சுக்கு வேறு பொருள் உண்டு, சரி, எழுத்துருவோடு சேர்ந்து வரும்போது யாரும் குழம்பப்போவதில்லை. ‘வீச்சமா?’ என்று கேலி செய்வார்கள், கருவாடு காயும் ஊரில் அதற்குத் தப்ப முடியாது.

ஆங்கிலத்தில் பெயரே கருவியை வைத்துத்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். 1942-இல் ராபர்ட் ஸ்மித் வடிவமைத்த பிரஷ் ஸ்கிரிப்டுக்கு அது பொருந்தும். 1953-இல் ரோஜர் எக்ஸ்கொஃபோன் தன் கையெழுத்தை ஒட்டியே ஓர் எழுத்துரு செய்து, தென் பிரான்சில் வீசும் காற்றின் பெயரான மிஸ்ட்ரலை அதற்கு வைத்தார். அவருக்கும் வீச்சுதான் தோன்றியிருக்கிறது!

ஜூஸ் கடை, மீன் சாப்பாட்டுக் கடை போர்டு, டி-ஷர்ட், இரண்டு மூன்று சொல் பெரிதாக வரும் இடமெல்லாம் இந்த வகை எழுத்துரு எடுக்கும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை இதில் போட்டுத் தரச்சொல்லி ஒருவர் அடம்பிடித்தார். போட்டுக் கொடுத்தேன், 9-ஐ 7 என்று படித்தவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘அம்மன்’ என்று அடித்தால் இரண்டு ம-விலும் பிசிறு அச்சு அசலாக ஒரே இடத்தில் வந்து, கை எழுதியதில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் எழுத்து இரட்டிக்காத வரி அபூர்வம். அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வடிவம் வரைந்து, மாறி மாறி வரும்படி எழுத்துருவுக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வடிவங்களுக்கு ‘மாற்றுரு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.