பழைய கைப்பேசிகளுக்கு ஏற்ற இலகுவான குறியாக்கம்: வழிகாட்டுதல் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கைப்பேசியில் எழுதும் குறிப்புகளையும் எடுக்கும் படங்களையும் தொலைவிலுள்ள சர்வரில் சேமிக்கும் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறேன். கோப்பு கைப்பேசியை விட்டு வெளியேறும் முன்பே குறியாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) ஆகிவிட வேண்டும், அதைத் திறக்கும் சாவி எக்காரணம் கொண்டும் சர்வருக்குப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

ஏஇஎஸ் (AES) என்ற பரவலான குறியாக்க முறைக்கான வன்பொருள் வசதி இல்லாத பழைய பிராசசர்களில் படங்களை ஏற்றும்போது கைப்பேசி சூடாகித் திணறியதால், மென்பொருளிலேயே வேகமாக இயங்கும் சாச்சா20-பாலி1305 (ChaCha20-Poly1305) என்ற குறியாக்க முறைக்கு மாறினேன்; வேறுபாடு உடனே தெரிந்தது. 2023இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி (NIST) தேர்ந்தெடுத்த அஸ்கான் (Ascon) என்ற இலகுவான குறியாக்க முறை, சென்சார் போன்ற மிகச் சிறிய கருவிகளுக்கே அதிகம் பொருந்தும் என்பது என் கணிப்பு.

என்னை வாட்டும் சிக்கல் வேறு. ஒரு வரியைத் திருத்தினால் முழுக் கோப்பையும் மீண்டும் அனுப்பாமலிருக்க, அதை 64 கேபி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணோடு பிணைத்துப் பூட்டுகிறேன். துண்டுகள் இடம் மாறினால் செயலி கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் சோதனைக்காகச் சர்வரிலிருந்து முந்தைய வாரப் பிரதியை அப்படியே திருப்பி அனுப்பியபோது, எல்லாச் சரிபார்ப்புகளிலும் அது தேறிவிட்டது. நான் செய்திருந்த திருத்தங்கள் சத்தமில்லாமல் மறைந்துபோயின. எல்லாத் துண்டுகளின் சுருக்க மதிப்புகளையும் (hash) படிப்படியாக இணைத்து ஒரே மதிப்பாக்கும் மெர்க்கிள் மரத்தின் உச்சியிலுள்ள அந்த வேர் மதிப்பைக் கைப்பேசியில் வைத்தால் இதைத் தடுக்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசியே தொலைந்துபோனால், புதிய கருவி எதை நம்பிச் சரிபார்க்கும்?

இதைச் செயல்படுத்திப் பார்த்தவர்கள், வேர் மதிப்பை எங்கே வைத்தீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும். கூடவே, கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்க ஆர்கான்2ஐடி (Argon2id) என்ற, வேண்டுமென்றே அதிக நினைவகம் கேட்கும் முறைக்கு 64 எம்பி நினைவகம் ஒதுக்குவது 2 ஜிபி ராம் உள்ள கைப்பேசிகளில் தாங்குமா என்பதையும் தெரிவியுங்கள்.