சை யங்கின் நியூயார்க் காலப் படங்கள்: கையில் ஒரு 16 மி.மீ. ரீல், எங்கிருந்து தேடுவது?

ஆயர்_ஈத்தாம் (பினாங்கு)

டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ (1937), ‘ஃபேன்டேசியா’ (1940) இரண்டிலும் பெயர் வரும் சீன அமெரிக்க அனிமேட்டர் சை யங். அங்கே போகும் முன் நியூயார்க்கில் அவர் செய்த கார்ட்டூன்கள் எல்லாமே தொலைந்துவிட்டன என்கிறார்கள். சரியா?

கேட்பதற்குக் காரணம், லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய ஒரு 16 மி.மீ. ரீல். கறுப்பு வெள்ளை. பூக்களும் பூச்சிகளும் ஆடுகின்றன. தலைப்பு அட்டை வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் ஓட்டை, மறு ஓரத்தில் ஒலித்தடம். ஓரத்தில் ‘கோடக்’ என்ற எழுத்து, பக்கத்திலேயே ஒரு முக்கோணம். கோடக்கின் ஆண்டுக் குறிப் பட்டியலில் பார்த்தால் 1918 என்று வருகிறது. சுற்றிய பிலிமின் வெளிவிட்டம் 13.4 செ.மீ., நடுக்கட்டை 6 செ.மீ. லேசாக வினிகர் வாடை.

இது அவருடைய ஆரம்பகாலப் படமாக இருக்குமா? புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கலாமா?

சுருள்பெட்டி (கோலாலம்பூர்)

ஓட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

வினிகர் வாடை வந்தால் அசிடேட் பிலிம் அமிலம் கக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதோடு பிலிம் சுருங்கும். சுருங்கிய பிலிமின் ஓட்டை புரொஜெக்டரின் பல்லில் சரியாக உட்காராது, வரிசையாகக் கிழிந்துகொண்டே போகும். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். புது 16 மி.மீ. பிலிமில் ஓர் ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் 7.62 மி.மீ. ஆக, 100 கட்டம் (ஃபிரேம்) 762 மி.மீ. ஒரு நீள மேசையில் பிலிமை இழுக்காமல் படுக்க வைத்து, இரும்பு அளவுகோலால் அளந்து பாருங்கள். 754 மி.மீ.க்குக் கீழே போனால் சுருக்கம் 1 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பல் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனர்தான்.

இப்போது அந்த முக்கோணம். கோடக் குறிகள் 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தனி முக்கோணம் என்றால் 1918, 1938, 1958, 1978 நான்கில் ஒன்று. 16 மி.மீ. பிலிமே 1923இல்தான் விற்பனைக்கு வந்தது, ஆகவே 1918 அடிபட்டுப் போகிறது. மிச்சம் 1938, 1958 அல்லது 1978. அதுவும் பிலிம் தொழிற்சாலையில் தயாரான வருடம்தான், படம் எடுத்த வருடம் அல்ல. இங்கே பலரும் சறுக்குகிறார்கள்.

இன்னொன்று பாருங்கள்: குறி கறுப்பாகத் தெரிந்தால் அது உங்கள் கையில் இருக்கும் பிலிமின் சொந்தக் குறி. கறுப்பு ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் நெகட்டிவிலிருந்து பிரதியில் பதிந்து வந்தது, அதாவது நெகட்டிவின் வயது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நீளம்: வெளி ஆரம் 6.7 செ.மீ., உள் ஆரம் 3 செ.மீ., பிலிம் கனம் சுமார் 0.15 மி.மீ. என்று போட்டால் 75 மீட்டர் வருகிறது, ஏறக்குறைய 247 அடி. அடிக்கு 40 கட்டம், வினாடிக்கு 24 கட்டம். ஆக 6 நிமிடம் 50 வினாடி. அந்தக் காலத்து ஒரு ரீல் கார்ட்டூனின் அளவு இதுதான். தலைப்பு தவிரப் பெரிதாக எதுவும் வெட்டுப்பட்டதாகத் தெரியவில்லை.

கத்தரித்த_காகிதம் (பினாங்கு)

முதலில் ஒரு திருத்தம். எல்லாமே தொலையவில்லை. 1931இல் அவர் செய்த ‘மெண்டல்சனின் ஸ்பிரிங் சாங்’ இருக்கிறது, இணையத்திலேயே பார்க்கலாம். புரூஸ்டர் கலர் என்ற இரு வண்ண முறையில் எடுத்தது. உங்கள் ரீலை முதலில் அதோடு ஒப்பிடுங்கள். வண்ணப் படத்தை வீட்டு உபயோகத்துக்குக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து விற்பது சாதாரண விஷயம், அதனால் நிறம் இல்லை என்பதை வைத்து ஒதுக்கிவிட முடியாது.

அதற்கு முந்தியவற்றைத் தேடுவதில் பெரிய தலைவலி அவர் பெயர். அதே பெயரில் ஒரு பேஸ்பால் ஜாம்பவான் இருந்தார், 511 ஆட்டம் ஜெயித்தவர், 1955வரை உயிரோடு இருந்தார். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பக்கம் பக்கமாகப் பந்துதான் வந்து விழும். பழைய அமெரிக்க சினிமாப் பத்திரிகைகளை எழுத்து எழுத்தாகத் தேட லேன்டர்ன் என்ற தளம் இலவசமாக இருக்கிறது. ஃபிலிம் டெய்லி, மோஷன் பிக்சர் நியூஸ் எல்லாம் அதில் உண்டு. ஆண்டை 1925இலிருந்து 1934வரை கட்டிவிட்டு, பெயரோடு ‘கார்ட்டூன்’ அல்லது ‘அனிமேட்டட்’ சேர்த்துத் தேடுங்கள்.

என்னைக் கேட்டால் பெயரால் தேடுவதே இரண்டாம் பட்சம். அந்தக் காலத்தில் வரைந்தவர் பெயர் திரையில் வருவது அபூர்வம், பதிவேட்டில் அதைவிட அபூர்வம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 1912–1939 திரைப்படப் பதிப்புரிமைப் பட்டியல் ஸ்கேன் ஆகி இருக்கிறது. அது படத்தின் பெயர் வரிசையில் போகும், உரிமையாளர் என்று நிறுவனத்தைத்தான் சொல்லும். ஆனால் ஒரு நல்ல விஷயம்: பதிவு செய்யும்போது கொடுத்த பிலிமை பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், தாளில் எழுதிக் கொடுத்த கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டார்கள். படம் போனாலும் அந்தத் தாள் மிஞ்சியிருக்கும். ஆகவே நிறுவனம், வருடம், நீளம், கதை இந்த நான்கையும் பிடியுங்கள்.

மூன்றாம்_மணி (ஜெலுத்தோங்)

உள்ளூர்ப் பக்கமும் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பினாங்கு கெசட், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பழைய இதழ்கள் இருக்கின்றன. தியேட்டர் விளம்பரத்தில் பெரிய படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கார்ட்டூன் பெயர் வரும். பொடி எழுத்தைக் கணினி தாறுமாறாகப் படிக்கும் என்பதால் தேடல் பெட்டியை நம்பாமல், தேதி வாரியாக விளம்பரப் பக்கத்தைப் புரட்டுவதே மேல்.

இது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். 2010இல் நியூசிலாந்தில் 75 அமெரிக்க மௌனப் படங்கள் கிடைத்தன. விநியோகச் சங்கிலியின் கடைசி ஊர் அது. திருப்பி அனுப்பும் கப்பல் கூலி கட்டுப்படியாகாததால் அங்கேயே கிடந்தன. நம் ஊரும் அப்படிப்பட்ட ஓர் ஓரம்தான். நம் வெக்கையும் ஈரமும்தான் எதிரி.

35 மி.மீ. எதுவும் கிடைத்தால் தனி எச்சரிக்கை. 1951க்கு முந்தியதென்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம், பற்றினால் தண்ணீரிலும் அணையாது. தபாலில் போடவே கூடாது. ஓரத்தில் ‘சேஃப்டி’ (எளிதில் பற்றாத பிலிம்) என்று இருந்தாலும் அது நெகட்டிவிலிருந்து பதிந்து வந்ததா என்று மேலே சொன்ன கறுப்பு வெள்ளைக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

ஆயர்_ஈத்தாம் (பினாங்கு)

நன்றி அண்ணே, எல்லாருக்கும். 100 கட்டம் 756 மி.மீ. முக்கோணம் கறுப்பு. ‘ஸ்பிரிங் சாங்’ முழுக்கப் பார்த்தேன், ஒரு காட்சிகூடப் பொருந்தவில்லை. ஆனால் பூக்கள் ஆடும் விதம் அவர் கை மாதிரியே இருக்கிறது. ரீலை இப்போதைக்குத் தகர டப்பாவில் பாச்சை உருண்டை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சுருள்பெட்டி (கோலாலம்பூர்)

பாச்சை உருண்டையை உடனே எடுத்துவிடுங்கள். அது அமிலத்தை நிறுத்தாது. மூடிய தகர டப்பாவில் அமில ஆவி வெளியே போக வழியில்லாமல் பிலிமையே திரும்பத் தின்னும். காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 40 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். வேறு பிலிம் எதையும் அதே பெட்டியில் வைக்க வேண்டாம், வாடை தொற்றும். பூஞ்சை தெரிந்தால் தண்ணீர் கூடவே கூடாது, படம் இருக்கும் ஜெலட்டின் ஊறி வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

756 என்றால் 0.8 விழுக்காடு. எல்லைக்கு உள்ளேதான், ஆனாலும் ஒட்டுப் போட்ட இடங்கள் தாங்காது. ஸ்கேன்தான். கொடுக்கும்போது ஒலித்தடத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பாட்டு தெரிந்தாலே பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

கத்தரித்த_காகிதம் (பினாங்கு)

கை மாதிரி இருக்கிறது என்பதை வைத்து யார் பெயரையும் எழுதிவிடாதீர்கள். 1929இல் டிஸ்னியின் ‘சில்லி சிம்ஃபனி’ கார்ட்டூன் வரிசை தொடங்கிய பிறகு பூவை ஆடவிடாத ஸ்டூடியோவே இல்லை.

1938 பிரதி என்றால் வீட்டுக்கு விற்ற கம்பெனி, 1958 என்றால் டிவிக்கு அச்சடித்தவர்கள். இரண்டு கூட்டமுமே பழைய தலைப்பை வெட்டிவிட்டு சொந்தப் பெயர் ஒட்டும் பழக்கம் உள்ளவர்கள். அதனால் படத்தின் கடைசி 5 அடியைக் கவனியுங்கள். தலைப்பை வெட்டியவர்கள் முடிவு அட்டையை மறந்துவிடுவது உண்டு.

ஸ்கேன் வரும்வரை எழுத்து வரையும் விளக்குப் பலகையில் பிலிமை வைத்துப் போனிலேயே கட்டங்களைப் படம் எடுக்கலாம். அமெரிக்க ஆவணக் காப்பகங்களுக்கு எழுதும்போது 200 படம் அனுப்பாதீர்கள், 12 போதும்: எழுத்து தெரியும் எந்தக் கட்டமும், முக்கியப் பாத்திரத்தின் முகமும் கையும், ஒரு முழுப் பின்னணி, ஓரக் குறி, ஒலித்தடம் தெரியும் ஒரு துண்டு, கடைசி அட்டை. கூடவே நீளத்தை அடியில் எழுதுங்கள். ஓரத்தை வெட்டாமல் எடுங்கள், பலர் அழகுக்காக அதைத்தான் முதலில் கத்தரிக்கிறார்கள்.