ஈம் கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஷெஃபீல்ட்வாசி:

ஷெஃபீல்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் எத்தனையோ முறை நடக்கப் போயிருக்கிறேன். அந்த மலைகளுக்கு நடுவே டெர்பிஷயரில் இருக்கும் ஈம் கிராமத்துக்கு மட்டும் போன மாதம்தான் முதல்முறையாகப் போனேன். பேருந்தில் ஏறி, எழுத்துக்கூட்டி "இயாம்" என்று டிக்கெட் கேட்டேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே "ஈம்" என்று திருத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் காதுக்கு அது ஈமச்சடங்கின் ஈம் அல்லவா? தீவைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். நம் சொல்லுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் போய் வந்த பிறகு அந்தப் பெயர் எனக்கு வேறு மாதிரி ஒலிக்க மறுக்கிறது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிளேக் வெளியே பரவாமலிருக்கத் தன் எல்லையைத் தானே மூடிக்கொண்ட ஊர் இது. 1665இல் லண்டனில் பிளேக். அங்கிருந்து ஈமில் இருந்த தையற்காரர் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டுக்கு ஒரு துணிமூட்டை வந்தது. அவரிடம் வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் பிரித்துப் பார்த்தார். துணி ஈரமாக இருந்தது, கணப்படுப்பின் முன்னால் விரித்துக் காயப்போட்டார். துணியோடு வந்த, நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளுக்குச் சூடு கிடைத்தது. செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸ் இறந்தார்.

இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் அந்த வீடு இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. தேவாலயத்தை ஒட்டி, சாலையோரமாக ஒரு வரிசைக் கல்வீடுகள். ஜன்னலில் திரை, வாசலில் பூந்தொட்டி, பக்கத்தில் குப்பைத் தொட்டி. சுவருக்கு முன்னால் ஒரு பச்சைப் பலகை. அதில் மேரி ஹாட்ஃபீல்ட் குடும்பத்தின் கணக்கு. முதலில் விக்கர்ஸ். பதினைந்து நாள் கழித்து மேரியின் நான்கு வயது மகன் எட்வர்ட். அக்டோபர் 2 அன்று பன்னிரண்டு வயது மூத்தவன் ஜோனதன். அடுத்த வருடம் ஆகஸ்டில் கணவர் அலெக்சாண்டர். மேரி மட்டும் பிழைத்தாள், சொந்தத்தில் பதின்மூன்று பேரை இழந்தாள் என்று கடைசி வரி.

அடுத்தடுத்த வீடுகளிலும் பலகைகள். ரோஸ் காட்டேஜில் தார்ப் குடும்பத்தினர் ஒன்பது பேர் இருந்தார்கள், ஒன்பது பேரும் போய்விட்டார்கள். நான் ஒரு பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது கடைப்பையோடு ஒரு பெண்மணி வந்து, "ஒரு நிமிஷம்" என்று என்னைத் தாண்டி அந்த வீட்டுக் கதவைத் திறந்தார். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று இழவுக் கணக்குப் படித்தோமே என்று கூச்சமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "படியுங்கள், அதற்குத்தான் வைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நம் ஊரில் இப்படி ஒரு வீட்டை யாரும் வாடகைக்குக்கூட எடுக்க மாட்டார்கள். இங்கே முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

அப்புறம் புனித லாரன்ஸ் தேவாலயம். கல்லறைத் தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டுச் சாக்சன் சிலுவை ஒன்று நிற்கிறது. தண்டில் ஒரு துண்டு காணாமல் போய்க் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. சுவரில் 1775ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம். இந்த மலைக்காட்டில் யாரோ அதில் தொலைதூர ஊர்ப் பெயர்களையெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிலுவைக்கு அருகில்தான் பாதிரியார் வில்லியம் மாம்பெசனின் மனைவி கேத்தரீனின் கல்லறை. ஊரைவிட்டுப் போய்விடு என்று கணவர் கெஞ்சியும் போகாதவர். ஒருநாள் சாயங்காலம் வெளியே நடந்துவிட்டு வரும்போது, காற்று எவ்வளவு இனிமையாக மணக்கிறது என்றாராம். இல்லாத மணம் மூக்குக்குத் தெரிந்தால் நோய் தொற்றிவிட்டது என்று அன்றைக்கு நம்பிக்கை. மாம்பெசனுக்குப் புரிந்துவிட்டது. 1666 ஆகஸ்ட் 25 அன்று, இருபத்தேழு வயதில், கேத்தரீன் இறந்தார்.

உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை, கடைசிப் பேருந்துக்கு ஓடிவிட்டேன். நீங்கள் யாராவது போயிருந்தால் சொல்லுங்கள், என்ன பார்த்தீர்கள்?

லெஸ்டர் அக்கா:

தம்பி, நாங்கள் இரண்டு வருடத்துக்கு முன் பிளேக் ஞாயிறு அன்று போனோம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஊர் மக்கள் தேவாலயத்திலிருந்து கக்லெட் டெல்ஃப் பள்ளத்துக்கு நடந்து போய் அங்கே ஆராதனை நடத்துவார்கள். தொற்று பரவாமலிருக்க 1666இல் மாம்பெசன் தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நிற்க வைத்துப் பிரசங்கம் செய்தது அந்தப் புல்சரிவில்தான். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2020இல் தரையில் இரண்டு மீட்டருக்கு ஒரு மஞ்சள் பட்டை ஒட்டியது நாங்கள்தான். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் என் கண் தானாகவே ஆட்களுக்கு நடுவில் இடைவெளியை அளக்க ஆரம்பித்துவிட்டது.

அதே வாரத்தில் ஊரில் கிணறு அலங்காரமும் இருக்கும். டெர்பிஷயர் வழக்கம். மரப்பலகையை நன்றாக ஊறவைத்து, அதன்மேல் ஈரக் களிமண் பூசி, பூவிதழ், இலை, விதை என்று ஒவ்வொன்றாகப் பதித்து ஒரு பெரிய படமாக்கி நீர்நிலைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். ஒரு வாரம் தாங்கும். கூட வந்திருந்த என் மாமியார் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "பூக்கோலத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ரைலி கல்லறைகளைப் பற்றி. ஊரிலிருந்து கிழக்கே அரை மைல் மேடேற வேண்டும். வயலுக்கு நடுவே வட்டமாக ஒரு தாழ்ந்த கல்மதில், உள்ளே ஒரு மேசைக் கல்லறையும் சில நடுகற்களும். பக்கத்தில் வீடில்லை, மரமில்லை. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை, எட்டே நாளில், கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்த இடம். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைக்க வேண்டும் என்பது அப்போது ஊர்க் கட்டுப்பாடு. யாரும் உதவிக்கு வர முடியாது. அவளே குழி வெட்டினாள், துணியால் கட்டி அவளே இழுத்து வந்தாள். எதிர்ச்சரிவில் ஸ்டோனி மிடில்டன் ஊர்க்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

என் பணியில் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். ஒரு குழி தோண்ட எவ்வளவு நேரமாகும் என்று யோசித்ததே இல்லை. அங்கே நின்று அதைத்தான் யோசித்தேன். கல் நிறைந்த மண். ஆகஸ்ட் வெயில். மாலையில் ஒன்று, காலையில் இன்னொன்று.

எலிசபெத்துக்கு நோய் வரவில்லை. மீதி இருந்த ஒரு மகன் ஷெஃபீல்டில் வேலை பழகிக்கொண்டிருந்தான், பின்னால் அவனிடம் போய்விட்டாள். உங்கள் ஊர்தான் தம்பி.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

மகள் டெர்பியில் இருப்பதால் மூன்று முறை போயிருக்கிறேன். முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவன், அதனால் கொஞ்சம் குறுக்குக் கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"ஊரே தன்னைத்தானே சிறை வைத்துக்கொண்டு அண்டை ஊர்களைக் காப்பாற்றியது" என்று அங்குள்ள பலகைகள் சொல்கின்றன. நாள்களைப் பாருங்கள். முதல் சாவு 1665 செப்டம்பர். எல்லையை மூடியது 1666 ஜூன். ஒன்பது மாத இடைவெளி! குளிர்காலத்தில் நோய் தணிந்தது, ஜூனில் மறுபடி தலைதூக்கியது, அப்போதுதான் மூடினார்கள். அதற்குள் வசதி இருந்த சிலர் கிளம்பிப் போய்விட்டார்கள். மாம்பெசனே தன் இரண்டு குழந்தைகளை யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். ஏழை ஈயச் சுரங்கத் தொழிலாளி எங்கே போவான்? போனாலும் யார் சேர்ப்பார்கள்? ஈமிலிருந்து டைட்ஸ்வெல் சந்தைக்குப் போன ஒரு பெண்ணை அடையாளம் கண்டுகொண்டு சேற்றை வீசித் துரத்தினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. ஆக, தியாகம் எவ்வளவு, வேறு வழியில்லாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 350 பேரில் 83 பேர் மட்டுமே மிஞ்சினார்கள் என்பது பழைய கணக்கு. ஊரில் கிட்டத்தட்ட 800 பேர் இருந்தார்கள், 430 பேர்வரை பிழைத்தார்கள் என்று பின்னால் வந்தவர்கள் திருத்துகிறார்கள். எனக்கு நம்பகமாகப் படுவது மாம்பெசன் 1666 நவம்பரில் எழுதிய கடிதம்தான். 76 குடும்பங்களில் நோய் புகுந்தது, 259 பேர் இறந்தார்கள் என்று எழுதினார். கடைசிச் சாவு நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால், பலகைகள் அவருக்கு இணையாகத் தாமஸ் ஸ்டான்லியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் குறை. ஸ்டான்லி அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்தவர், பியூரிட்டன், அதாவது சடங்குகளைக் குறைத்து எளிய வழிபாடு வேண்டும் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அரசாங்கத் திருச்சபையின் விதிகளுக்கு உடன்படாததால் பதவி போனது. ஆனாலும் ஊரின் ஓரத்தில் தங்கியிருந்தார், ஊரில் பாதிப்பேர் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள். 1664இல் வந்த இளைஞர் மாம்பெசனை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டு எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் நின்றால்தான் ஊர் கேட்கும் என்ற நிலை. நின்றார்கள். என்னைக் கேட்டால் அந்த ஊரின் பெரிய அதிசயம் அதுதான்.

பின்னால் மாம்பெசன் நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, பயத்தில் அந்த ஊரார் முதலில் அவரை உள்ளே விடவில்லை. ரஃபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்க வேண்டியதாயிற்று.

மான்செஸ்டர் மாணவி:

வாத்தியார் சார் சொன்னதைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் தனியாகப் போனேன், நல்ல மழை. ஈமிலிருந்து ஸ்டோனி மிடில்டனுக்கு வயல்வழியாக இறங்கும் பாதையில் எல்லைக்கல் இருக்கிறது. பெரிய பாறைக்கல், மேலே ஆறு குழிகள். ஈம்காரர்கள் இந்தக் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசு போட்டுவிட்டுப் போவார்கள், வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். வினிகர் கிருமியைக் கொல்லும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றியதோ! வடக்கே மலைமேல் மாம்பெசன் கிணறு என்று இன்னொரு இடமும் இதே மாதிரிதான். சாட்ஸ்வர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினாராம்.

குழிகள் நிறைய மழைத்தண்ணீர், அடியில் சில்லறைக் காசு. பார்க்க வருபவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் பத்துப் பென்ஸ் போட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. விரல் விட்டுப் பார்த்தேன், ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

சார், பிழைத்துக்கொள்ள வேறு வழியில்லை என்பது சரிதான். ஆனால் காசைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தவர்கள் நினைத்தால் அந்தக் கல்லைத் தாண்டியிருக்கலாம். ஒரு எட்டுதான், வேலியெல்லாம் கிடையாது. இரவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஷெஃபீல்ட்வாசி:

சார், அந்த ஒன்பது மாதக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பிள்ளை சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. எல்லைக்கல் பக்கம் நான் போகவும் இல்லை, அடுத்த முறை கட்டாயம்.

நான் விட்டுப்போன இரண்டு மூன்று விஷயம். ஊர்த் திடலில் பழைய தொழுமரம் இருக்கிறது, நம் பைபிளில் வருகிற அதே சொல்தான், குற்றவாளியின் காலை மாட்டி உட்கார வைக்கும் மரம். அதற்கு எதிரே ஈம் ஹால் மாளிகை. நோய் முடிந்து சில வருடத்தில், 1670களின் தொடக்கத்தில், ரைட் குடும்பம் கட்டியது. ஊர் பாதி காலியான கையோடு ஒருவர் இவ்வளவு பெரிய வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார், யோசித்துப் பாருங்கள். மலை ஊற்றுத் தண்ணீரை 1588லேயே ஊருக்குள் குழாயில் கொண்டுவந்து விட்ட கல்தொட்டிகளில் சில இன்னும் தெருவில் இருக்கின்றன. நான் பார்த்தபோது ஒன்றில் நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

லெஸ்டர் அக்கா:

தேவாலயத்துக்குள் கட்டாயம் போங்கள் தம்பி. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அங்கே இருக்கிறது. 1985இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னலில் முழுக் கதையும் படமாக இருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்ல வசதி. அருங்காட்சியகம் பழைய மெத்தடிஸ்ட் சிற்றாலயத்தில் இருக்கிறது, கூரையில் காற்றுத்திசை காட்டியைப் பாருங்கள், சேவல் இருக்காது, எலி இருக்கும். என் சின்னவன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான், உள்ளே போய்விட்டு வந்தபிறகு மறுபடி அண்ணாந்து பார்த்தான், சிரிக்கவில்லை.

ரைலிக்குப் போவதானால் நல்ல செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மேடு கொஞ்சம் மூச்சு வாங்கும்.