ஹிமாலயன் 411: ஃபியூயல் கன்ட்ரோலர் மாட்டியும் லோ த்ராட்டில் தயக்கம் போகவில்லை

மலைப்பாதை_411:
வண்டி 2018 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், பிஎஸ்4 (புகை விதி) மாடல். ஷார்ட் சைலன்சரும் ஃப்ரீ ஃப்ளோ ஃபில்டரும் போட்ட பிறகு 2,500–3,500 ஆர்பிஎம்மில் லேசாக முறுக்கினால் தயங்குகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. லேப்டாப்பில் மேப் (எந்த ஆர்பிஎம், த்ராட்டிலில் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுவது என்ற கட்டங்களின் அட்டவணை) எழுதும் பிக்கிபேக் கன்ட்ரோலர் (கம்பெனி எஞ்சின் கம்ப்யூட்டரோடு சேர்ந்து ஓடும் பெட்டி) வாங்கி இன்ஜெக்டர், டிபிஎஸ் (த்ராட்டில் திறப்பை அளக்கும் சென்சார்), கிராங்க் சென்சார் கனெக்டர்களில் இணைத்து, நெட்டில் கிடைத்த மேப்பை ஏற்றினேன். முதலில் நன்றாக இழுத்தது, கொஞ்ச நாளில் பழைய கதைதான். 5, 10 சதவீத த்ராட்டில் கட்டங்களில் 8% கூட்டியும் மாற்றம் தெரியவில்லை. முழு த்ராட்டிலில் மட்டும் நல்ல வித்தியாசம். எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஓ2 சென்சாரைத் தொடவில்லை. கன்ட்ரோலரில் கோளாறா?

கார்ப்_டு_எஃப்ஐ:
கன்ட்ரோலர் சரியாகத்தான் இருக்கிறது. கடைசிக்கு முந்தின வரியில் விடை இருக்கிறது, ஓ2 சென்சாரை விட்டுவிட்டீர்கள்.

ஐடிலிலும் ஒரே வேகத்தில் லேசான த்ராட்டிலிலும் ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) குளோஸ்டு லூப்பில், அதாவது ஓ2 சென்சார் சொல்வதைக் கேட்டு பெட்ரோலைத் திருத்திக்கொண்டே ஓடும். சென்சார் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊசலாடும், அதை 0.45ஐ ஒட்டியே வைத்திருக்க ஈசியு பார்க்கும். பெட்ரோலுக்கு அது 14.7:1, அதாவது எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். நீங்கள் 8% கூட்டியதும் சென்சார் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று காட்டும், ஈசியு இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். அந்தத் திருத்தத்தை நினைவிலும் வைத்துக்கொள்ளும். முதலில் இழுத்து, பிறகு மங்கியதற்குக் காரணம் அதுதான். முழு த்ராட்டிலில் ஓபன் லூப், அங்கே சென்சார் சொல்வதை ஈசியு கேட்பதில்லை. அதனால் உங்கள் மேப் அப்படியே எடுபடுகிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஓ2 எலிமினேட்டர் போட்டு எல்லா இடத்திலும் ஓபன் லூப் ஆக்குவது. முழுக் கட்டுப்பாடும் உங்கள் கைக்கு வரும், ஆனால் மேப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே எழுத வேண்டும், மைலேஜும் குறையலாம். இன்னொன்று ஓ2 ஆப்டிமைசர். அது சென்சார் சிக்னலை மாற்றி அனுப்பி, ஈசியுவின் குறியையே 13.6–13.8க்கு நகர்த்திவிடும். டூரிங் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆப்டிமைசர் போட்டால் அது வேலை செய்யும் குளோஸ்டு லூப் கட்டங்களில் மேப்பைக் கட்டாயம் 0 ஆக்குங்கள். அங்கேயும் கூட்டி வைத்தால் ஒரே இடத்தில் இரண்டு பேர் ஸ்டியரிங் பிடித்த கதையாகும். ஸ்கேனர் கிடைத்தால் ஈசியு கற்று வைத்த பழைய திருத்தத்தையும் (ட்ரிம்) அழித்துவிடுங்கள்.

கேஸ்கட்_சேலம்:
வெடிப்பு வேறு விஷயம், அதை மேப்பில் தேடாதீர்கள். கியரில் இருக்கும்போது த்ராட்டிலை மூடினால் ஈசியு இன்ஜெக்டரையே நிறுத்திவிடும். பூஜ்யத்தை எத்தனை சதவீதம் கூட்டினாலும் பூஜ்யம்தான்.

முதலில் லீக் பாருங்கள். சைலன்சர் மாற்றும்போது ஹெட்டில் வரும் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டைப் பழையதையே போட்டிருந்தால் அங்கேதான் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், எரியாத மிச்சம் அந்தக் காற்றில் பற்றி வெடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணீர் விடுங்கள், நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. புது கேஸ்கட் போட்டு இரண்டு நட்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். சைலன்சர் ஸ்லிப் ஜாயின்ட்டில் ஹை டெம்ப் சிலிக்கான் பூசலாம்.

ஓ2 சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் இன்னொரு தொல்லை. உள்ளே புகுந்த காற்றைப் பார்த்து சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்று பொய் சொல்லும், ஈசியு பெட்ரோலைக் கூட்டும், பிளக் கரி பிடிக்கும். லீக்கோடு ட்யூன் செய்த மேப் எதற்கும் உதவாது. த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலைப்பாதை_411:
ஆப்டிமைசர் ஆர்டர் போட்டாச்சு. கேஸ்கட் பழையதுதான், மாற்றிவிடுகிறேன். மீதிக் கட்டங்களை எப்படி நிரப்புவது? நெட் மேப்பை வைத்துத் தொடங்கலாமா?

லாம்டா_ஒன்று:
வேண்டாம், அது வேறொரு சைலன்சருக்கு எழுதியது. எல்லாவற்றையும் 0 ஆக்கித் தொடங்குங்கள். முதலில் சாஃப்ட்வேரில் டிபிஎஸ் காலிபரேஷன். மூடியபோது 0, முழுதாக முறுக்கியபோது 100 என்று பதியாவிட்டால் எல்லாக் கட்டமும் இடம் மாறிவிடும்.

ஒயிட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் மீட்டர்) இல்லாமல் ட்யூன் செய்வது குருட்டு வேலை. பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் போதும். ஹெடர் பைப்பில் கேட்டலிஸ்டுக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன் 18 மி.மீ., 1.5 பிட்ச் பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்ட் செய்து, சென்சாரைப் படுகிடையிலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே சாய்த்து வையுங்கள். தண்ணீர் தேங்கினால் சென்சார் உடையும். எஞ்சின் ஓடும்போது சென்சாருக்குள் உள்ள ஹீட்டர் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கரி படிந்து கெடும். சைலன்சர் வாயில் சொருகி அளக்காதீர்கள். ஷார்ட் சைலன்சரில் வெளிக்காற்று கலந்து லோ ஆர்பிஎம்மில் லீன் என்று காட்டும்.

டேட்டாவை லாக் செய்யுங்கள், ஓட்டும்போது மீட்டரைப் பார்க்க வேண்டாம். ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று வினாடி த்ராட்டிலை அசைக்காமல் பிடித்த இடத்தை மட்டும் எடுங்கள், முறுக்கும் கணத்தில் வரும் ரீடிங்கைத் தள்ளிவிடுங்கள். முழு த்ராட்டில் கட்டங்களுக்கு டைனோவே (வண்டியை நிறுத்தி உருளை மேல் ஓட்டி அளக்கும் மெஷின்) நல்லது.

கணக்கு எளிது: அளந்த ஏஎஃப்ஆரை (காற்று-பெட்ரோல் விகிதம்) இலக்கு ஏஎஃப்ஆரால் வகுத்து 1ஐக் கழியுங்கள். 80% த்ராட்டிலில் 14.2 காட்டி, இலக்கு 13.0 என்றால், 9.2% கூட்ட வேண்டும். முதலில் 6 கூட்டி, மறுபடி லாக் எடுத்து மீதியைச் சேருங்கள். பக்கத்துக் கட்டங்களோடு ஒரேயடியாகத் தாவாமல் சரிவாக இணையுங்கள். ஏர் கூல்டு சிங்கிள் சிலிண்டருக்கு முழு த்ராட்டிலில் 12.8–13.2, நடு த்ராட்டிலில் 13.3–13.5 நல்ல இலக்கு. 12.5க்குக் கீழே போனால் பவர் கூடாது, புகைதான் கூடும்.

இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) போட்டால் இலக்கு மாறுமா என்று கேட்பீர்கள். மீட்டர் அளப்பது லாம்டாவை (சரியான விகிதத்தோடு ஒப்பிட்ட அளவு), அதை 14.7ஆல் பெருக்கித்தான் காட்டுகிறது. பெட்ரோல் ஸ்கேலிலேயே வைத்துக்கொண்டால் இதே எண்கள்தான்.

கார்ப்_டு_எஃப்ஐ:
வயரிங்கில் ஒரு வார்த்தை. டேங்கைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள், லைனில் பிரஷர் இறங்கிவிடும். கன்ட்ரோலர் எர்த்தை ஃப்ரேமில் கொடுக்காமல் நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுங்கள். ஒயரிங் டேங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே நசுங்கக் கூடாது, இக்னிஷன் காயில் ஒயரை ஒட்டியும் போகக் கூடாது. ட்யூனிங் நடுவில் லேப்டாப் துண்டித்துக்கொண்டே இருந்தால் பிளக் ரெசிஸ்டர் வகையா என்று பாருங்கள். சாதாரண பிளக் போட்டிருந்தால் அந்த இரைச்சலே யுஎஸ்பியைக் கெடுக்கும். கன்ட்ரோலரை சீட்டுக்கு அடியில் கனெக்டர் கீழே பார்க்கும்படி வையுங்கள், ஒயர் சற்றுத் தாழ்ந்து வளைந்து மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.