இன்ட்ராக்டபிள்: ஆக்களுக்குச் சொல்லலாமோ, பிரச்சினைக்கு மட்டுமோ?

உடுவில்_வாசகி:
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஆங்கில அறிக்கையள் திருத்திற வேலை செய்யிறன். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவாற திட்டம் பற்றின ஒரு அறிக்கை இப்ப கையில கிடக்கு. முதல் பக்கத்தில "இன்ட்ராக்டபிள் ஃபார்மர்ஸ்" (வழிக்கு வராத விவசாயிகள்) எண்டு இருக்கு, பிறகு ஒரு இடத்தில "இன்ட்ராக்டபிள் டிஸ்பியூட்" (தீர்க்கேலாத பிணக்கு). ரெண்டும் அகராதியில இருக்குத்தானே எண்டுறார் எழுதினவர். எனக்கு முதலாவது நெஞ்சில குத்துது. அம்மம்மா ஆக்கள் கிளிநொச்சியில வயல் செய்யிறவை, அதால குத்துதோ, சொல்லிலயே ஏதும் கிடக்கோ? பதிலா "ஸ்டபன்" (stubborn, பிடிவாதமான) எண்டு போடலாமோ?

பழைய_ரீச்சர்:
சொல்லிலயேதான் கிடக்கு பிள்ளை. இலத்தீனில "ட்ராக்டாரே" எண்டால் கையாளுறது. அதுக்கும் அடி "ட்ராஹெரே", இழுக்கிறது. ட்ராக்டரும் அந்த வேரில வந்ததுதான். ட்ராக்டபிள் எண்டால் சொல்வழி கேக்கிறது. அடங்காத பிள்ளைக்கும் மிருகத்துக்கும் இன்ட்ராக்டபிள் எண்டுறவை. அதை வளந்த மனிசரில ஒட்டினால், "நாங்கள் சொன்னதுக்கு மசியினமில்லை" எண்டு மேல நிண்டு சொல்லுறமாதிரி. அவை ஏன் மறுத்தவை எண்ட கேள்வியே அதுக்குள்ள மறைஞ்சு போகும்.

மறுப்புக்குக் காரணம் இருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில திட்டம் வரேக்க, குளத்துத் தண்ணி குழாயில போனால் சிறுபோகத்துக்கு, அதுதான் கோடை நெல்லுக்கு, என்ன செய்யிறது எண்டுதான் அந்தச் சனம் கேட்டது. இஞ்சால எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டுமில்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கி நிக்கிறதைத்தான் கிணத்தில அள்ளிக் குடிக்கிறம். அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவராகுது, தோட்டத்து உரத்தால நைத்திரேற்று ஏறுது. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தும் வழி பிறக்காமல் இழுபட்டால், அந்தப் பிணக்கை இன்ட்ராக்டபிள் எண்டு தாராளமா எழுதலாம். ஒருத்தரிலயும் பழி விழாது.

ஸ்டபன் கறைக்கும் வரும், இருமலுக்கும் வரும், ஆளுக்கும் வரும். "ஸ்டபன் கரேஜ்" எண்டு மெச்சிறதும் உண்டு. ஆனால் வெறுமனே "ஸ்டபன் ஃபார்மர்ஸ்" எண்டால் திட்டுத்தான். அடைமொழியை எடுத்துப்போட்டு, அவை எதுக்குப் பயந்து எதிர்த்தவை எண்டதை எழுதுங்கோ.

வடமராட்சிப்_பொடியன்:
ரீச்சர், ஒரு விசயம். 2024 ஓகஸ்ட்டில தாளையடியில கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கிற நிலையம் திறந்தாச்சு. இரணைமடுவில கை வைக்காமல் வேற வழி எடுத்திருக்கினம். பிறகும் அந்தப் பிணக்கை "இஸ் இன்ட்ராக்டபிள்" எண்டு நிகழ்காலத்தில எழுதிறது சரியோ?

பழைய_ரீச்சர்:
நல்லாக் கேட்டீர் தம்பி. அறிக்கை எந்தக் காலத்தைச் சொல்லுது எண்டு பாக்கோணும். பழைய இழுபறியைச் சொல்லுறதெண்டால் இறந்தகாலம். "சீம்ட் இன்ட்ராக்டபிள்", அப்பிடித் தோன்றினது எண்டு எழுதினால் இன்னும் நேர்மை.

இரவு_டியூட்டி:
நான் நேர்ஸ். எங்கட பக்கத்தில இந்தச் சொல்லுக்கு அளவே இருக்கு. விக்கல் 48 மணித்தியாலத்துக்கு மேல நிண்டால் "பெர்சிஸ்டன்ட்", ஒரு மாதத்துக்கு மேல போனால்தான் "இன்ட்ராக்டபிள்". வலிப்புக்கும் சொல்லுறது, ஆனால் பொருத்தமான ரெண்டு மருந்தை ஒழுங்காக் குடுத்தும் கட்டுப்படாட்டித்தான். இப்ப அதை "ட்ரக் ரெசிஸ்டன்ட்" (மருந்துக்கு அடங்காதது) எண்டுதான் கூடுதலா எழுதினம். ரெண்டு கிழமை இழுத்த அலுவலுக்கெல்லாம் இன்ட்ராக்டபிள் போடுறவையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. செய்து பாக்கவேண்டியதைச் செய்து பாத்திருக்கோணும்.

தங்கச்சி கேட்டதுக்கும் இதில பதில் கிடக்கு. இன்ட்ராக்டபிள் எண்டு நாங்கள் வலிப்பைத்தான் சொல்லுவம். கட்டிலில படுத்திருக்கிற பிள்ளையைச் சொல்லமாட்டம்.

உடுவில்_வாசகி:
எல்லாருக்கும் நன்றி. முதல் பக்கத்தில "சிறுபோகத் தண்ணி குறையும் எண்டு எதிர்த்த விவசாயிகள்" எண்டு வாறமாதிரி ஆங்கிலத்தில மாத்தீட்டன். மற்ற இடத்தில "சீம்ட்". எழுதினவரிட்ட நேர்ஸ் அக்கா சொன்ன கடைசி வரியையும் சொல்லப்போறன். தலைப்பில "இன்ட்ராக்டபிலிட்டி" எண்டு ஒருக்கா வருது, அதை விடலாமோ ரீச்சர்?

பழைய_ரீச்சர்:
பிழையில்லை. ஆனால் தலைப்புக்குப் பாரம், வாசிக்கிறவை அதிலயே தடக்குப்படுவினம். "தண்ணிப் பிணக்கு" எண்ட அளவில ரெண்டு சின்ன ஆங்கிலச் சொல் போடுங்கோ, காணும்.