புதுப்பிப்பு: செட்டிநாட்டு வீட்டு மாடலுக்குக் கூரை கிடைத்துவிட்டது

1:50 அளவில் (நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு) செய்யும் மாடலில் நாட்டு ஓடு மாதிரி தெரிய எதை ஒட்டலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பீட்சா டப்பா என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மேல்தாளை ஈரத்துணியால் லேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக வரிகள். இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர். நிஜ வீட்டின் அளவில் அது 15 சென்டிமீட்டர். காவி பூசியதும் அட்டை என்றே தெரியவில்லை!

சுவருக்கு 5 மில்லிமீட்டர் சன்போர்டு (லேசான நுரைப் பலகை). ஒன்பது அங்குலச் சுவர் இந்த அளவில் 4.6 மில்லிமீட்டர் வருகிறது, போதும். அப்புறம், மாடலில் தெர்மாகோல் ஒட்டுவதானால் ஃபெவிக்விக் வேண்டாம், அரித்துவிடும்; ஃபெவிகால்தான் சரி.

கூரையைக் கழற்றும்படி விட்டிருக்கிறேன். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றமுள்ள பகுதி), இரண்டாம் கட்டு (அதற்குப் பின்னால் வரும் பகுதி) என்று நேர்கோட்டில் போகும் வாசல்களை, மாடலை மதிப்பிடும் ஜூரிக்குக் காட்டத்தானே இத்தனை பாடு.