உர மானியத்தைப் பணமாகக் கொடுத்தால் குத்தகைச் சாகுபடியாளருக்கு அது வந்து சேருமா?

கேள்வி: மன்னார்குடி சாகுபடியாளர்

அனைவருக்கும் வணக்கம். உர நிறுவனங்களுக்குப் போகும் மானியத்தை நிறுத்திவிட்டு, சமையல் எரிவாயுவுக்குச் செய்ததைப்போல விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்திவிடலாம் என்ற யோசனை சில ஆண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நிலைமையை வைத்துப் பார்க்கும்போது தயக்கமாக உள்ளது.

நான் ஐந்து ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறேன். ஒன்றரை ஏக்கர்தான் எங்கள் குடும்பப் பட்டா. இரண்டு ஏக்கர் கோயில் நிலம். பட்டா சுவாமி பெயரில் இருக்கிறது. மீதி ஒன்றரை ஏக்கர் சென்னையில் வசிக்கும் ஒருவருடையது. எழுத்தில் எதுவும் கிடையாது, அறுவடை முடிந்ததும் நெல்லாக அளந்துவிடுவேன். பி.எம். கிசான் திட்டத்தின் 6,000 ரூபாய் என் சொந்த நிலத்தை வைத்து எனக்கு வருகிறது. அந்த நில உரிமையாளருக்கும் வருவதாக அவரே சொன்னார், ஆனால் அவர் வயலில் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. உரம் ஒன்றுதான் இன்று பட்டா கேட்காமல் கிடைக்கிறது. ஆதார் எண்ணைச் சொல்லி, கடையிலுள்ள கருவியில் விரல் வைத்தால் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு வந்துவிடுகிறது. இதுவும் பணமாக மாறினால் அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

உங்கள் தயக்கம் சரியானதே. இப்போதைய முறையில், 2018 முதல் நாடு முழுவதும், கடைக்காரர் கருவி வழியாக விற்ற உரத்துக்குத்தான் நிறுவனத்துக்கு மானியம் விடுவிக்கப்படுகிறது. இதற்கு நேரடிப் பயன் பரிமாற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் பணம் நேரடியாகப் போவது நிறுவனத்துக்குத்தான். வாங்குபவர் நில உரிமையாளரா, குத்தகைதாரரா என்று அந்தக் கருவி கேட்பதில்லை. அந்தக் குறையால்தான் உங்களைப் போன்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்பதை மேலிருந்து திட்டம் போடுபவர்கள் எளிதில் உணர்வதில்லை.

கைமுதல் கணக்கையும் பார்ப்போம். சம்பா நெல்லுக்கு எக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) 150:50:50 கிலோ என்ற பொதுப் பரிந்துரையை ஏக்கருக்குக் கொண்டுவந்தால் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ. மணிச்சத்தை, தழைச்சத்தும் கலந்த டி.ஏ.பி. உரத்தின் வழியாக இட்டால் அதிலேயே ஏறத்தாழ 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை வேண்டும். இன்றைய விலையில் இது 670 ரூபாய்க்குள் முடிகிறது. ஒரு மூட்டையின் உண்மையான அடக்கவிலை 2,200 ரூபாய் அளவில் இருப்பதாக 2023இல் ஒன்றிய அரசே சொன்னது. அந்த விலையைக் கடையில் கொடுத்துவிட்டுப் பிறகு மானியத்துக்குக் காத்திருப்பதென்றால் ஏக்கருக்கு 5,500 ரூபாய். உங்கள் ஐந்து ஏக்கருக்கு யூரியாவுக்கு மட்டும் 27,500 ரூபாயை முதலில் புரட்டியாக வேண்டும். அந்தப் பணம் நகையை அடகு வைத்துத்தான் வரும். வட்டிக்கு எந்த மானியமும் இல்லை.

ஆகவே மானியம் விதைப்புக்கு முன்பே கணக்கில் இருக்க வேண்டும். நிலத்தின் பெயரில் இல்லாமல் பயிரின் பெயரில் வர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் இன்றைய முறையே மேல் என்பது என் கருத்து.

பதில் 2: கோபி கரும்பு விவசாயி

முன்னவர் சொன்ன கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. இப்போதைய முறை மண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவந்தபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு நிலையான மானியம் வைத்து விலையை நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, யூரியாவை மட்டும் பழைய விலைக் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், யூரியா 266 ரூபாய் என்றால் விவசாயி எதை அள்ளிப் போடுவான்? எங்கள் பக்கத்தில் பயிர் சற்று வெளுத்தால் உடனே ஒரு மூட்டை யூரியா. இலை கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். பின்னாலேயே பூச்சி வரும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். 2015இல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கியதால் மானிய யூரியாவை ஆலைகளுக்குக் கடத்துவது குறைந்திருக்கலாம், வயலில் அளவுக்கு மீறி இடுவது குறையவில்லை.

விலை மலிவு என்பதும் பாதி உண்மைதான். தட்டுப்பாடு வரும் மாதங்களில் யூரியா கேட்டால், கூடவே வேண்டாத நுண்ணூட்டப் பொட்டலம் ஒன்றையும் வாங்கினால்தான் தருவேன் என்று கடையில் சொல்கிறார்கள். போன பருவத்தில் எனக்கும் அது நடந்தது. ரசீதில் அந்தப் பொட்டலம் இல்லை.

பணத்தை ஏக்கர் கணக்கில் கையில் கொடுத்துவிட்டால், தொழுவுரம் வாங்குவதா, பசுந்தாள் விதைப்பதா, யூரியா வாங்குவதா என்று விவசாயியே முடிவு செய்துகொள்வான். குறைந்தபட்சம் யூரியாவையும் சத்து அடிப்படையிலான மானியத்துக்குள் கொண்டுவந்து விலையைப் படிப்படியாக உயர்த்தி, மிச்சமாகும் தொகையைச் சாகுபடியாளருக்குத் தரலாம். 2022–23இல் உர மானியம் ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. அதில் பங்கு கேட்பதில் தவறில்லை.

பதில் 3: சித்தூர்வாசி

ஆந்திரத்தில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். 2019இல் வந்த சட்டப்படி குத்தகைதாரருக்கு 11 மாதங்களுக்குச் சாகுபடி உரிமை அட்டை கொடுக்கிறார்கள். நில உரிமைக்கு அதனால் பாதிப்பில்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சிக்கல் ஒன்றுதான். அட்டைக்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அச்சத்தால் பலர் போடுவதில்லை. நில உரிமையாளருக்கு ஏக்கர் கணக்கில் பணம் கொடுத்த தெலங்கானாவின் ரைத்து பந்து திட்டமோ குத்தகைதாரரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

பதில் 4: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

கோபி நண்பருக்கு: யூரியா விலை விகிதம் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை, பணியிலிருந்த காலம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் விலையை உயர்த்துவது ஒரே அரசாணையில் முடிந்துவிடும், மிச்சத்தைச் சரியான கைக்குக் கொண்டுசேர்ப்பது அப்படி முடியாது. 2020இல் பி.எம். கிசானில் தமிழ்நாட்டில் மட்டும் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டது நினைவிருக்கும்.

நம் மாநிலத்துக்கு ஆந்திரம் போல் புதிய அட்டை தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் யார், எந்தப் புல எண்ணில், என்ன பயிர் செய்கிறார் என்பதற்கு இடம் இருக்கிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் அதைத்தானே கேட்கிறார்கள்? 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அண்மையில் தொடங்கிய விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவோ பட்டாவை வைத்துத்தான் நடந்தது. மானியத்தையும் அந்த எண்ணோடு இணைத்துவிட்டால் உங்கள் மூன்றரை ஏக்கர் கணக்கிலேயே இருக்காது.

மன்னார்குடி சாகுபடியாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்று கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். கோயில் நிலத்துக்குக் குத்தகை ரசீது இருப்பதால் அடங்கலில் என் பெயரை எழுதுவதில் சிக்கல் இல்லை என்றார். சென்னைக்காரர் நிலத்துக்கு அவரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கிவரச் சொன்னார். தொலைபேசியில் கேட்டேன். எழுத்தில் எதுவும் வேண்டாம், தை பிறக்கட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார். எனக்கு முதல் மேலுரம் ஐப்பசியில்.